பழைய கமாரோவுக்குள் புது இன்ஜின்: ரெஸ்டோமாட் என்றால் என்ன?

டெட்ராய்ட்டுக்கு வடக்கே உட்வர்ட் அவென்யூ என்று ஒரு நீண்ட சாலை இருக்கிறது. ஆகஸ்ட் மாதம் மூன்றாவது சனிக்கிழமை அங்கே நிற்க இடம் கிடைக்காது. 1995இல் தொடங்கிய ‘உட்வர்ட் ட்ரீம் குரூஸ்’ நடக்கும் நாள் அது. ஃபெர்ன்டேலிலிருந்து பான்டியாக் வரை பழைய அமெரிக்கக் கார்கள் வரிசைகட்டி ஊர்ந்துகொண்டே இருக்கும். மிச்சிகனுக்குக் குடிவந்த புதிதில், ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நானும் போய் ஓரமாக உட்கார்ந்தேன். சிக்னலில் ஒரு 1969 ஷெவர்லே கமாரோ வந்து நின்றது. கருநீல நிறம், பானெட்டில் இரண்டு வெள்ளைப் பட்டைகள். அது சும்மா நின்றபோதே அதன் உறுமல் என் நாற்காலிக் கம்பி வழியாக முதுகில் ஏறியது.

மதியம் அதே கார் ஒரு கடை வாசலில் பானெட்டைத் திறந்துவைத்து நின்றது. எட்டிப் பார்த்தேன். கார்புரேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டு ஒன்று, கறுப்பு பிளாஸ்டிக்கில். ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் தனித்தனியாக ஒரு காயில். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பழைய டிஸ்ட்ரிபியூட்டரைக் காணவே இல்லை. குனிந்து சக்கரத்தின் இடைவெளி வழியாகப் பார்த்தால் சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய பிரேக் டிஸ்க். சொந்தக்காரர் எழுபதைத் தாண்டியவர். “பதினெட்டு வயதில் இதே மாடலை வைத்திருந்தேன். வேகமாகப் போகும், ஆனால் நிற்காது. இப்போது என் பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டுகிறேன்” என்றார்.

வெளியே 1969, உள்ளே இந்த நூற்றாண்டு. இப்படிக் கட்டப்பட்ட காரைத்தான் ரெஸ்டோமாட் என்கிறார்கள். ரெஸ்டோரேஷன், மாடிஃபிகேஷன் என்ற இரண்டு சொற்களையும் வெட்டி ஒட்டிய பெயர். ரெஸ்டோரேஷன் என்றால் கார் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே திரும்பக் கொண்டுவருவது. போல்ட் தலையில் இருக்கும் எழுத்துக்கூட அந்தக் காலத்தியதாக இருக்க வேண்டும் என்று பார்ப்பவர்கள் உண்டு. ரெஸ்டோமாட்டில் உருவம் மட்டும் பழையது. ஓடுவது, திரும்புவது, நிற்பது, உள்ளே குளிர்வது எல்லாமே இன்றைய காரைப் போல.

இது புரிய வேண்டுமானால் அந்தப் பழைய கார் எதற்காகப் பிறந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

மசில் கார் எங்கிருந்து வந்தது?

1964. பான்டியாக் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் ஜான் டெலோரியன். அவருடைய குழு நடுத்தர அளவுள்ள டெம்பெஸ்ட் காருக்குள், பெரிய கார்களுக்காகச் செய்த 389 கன அங்குல வி8 இன்ஜினை, அதாவது எட்டு சிலிண்டர்கள் V வடிவில் நிற்கும் இன்ஜினை இறக்கியது. 389 கன அங்குலம் என்றால் இன்றைய கணக்கில் 6.4 லிட்டர். தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ், நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் போடக் கூடாது என்று விதி வைத்திருந்தது. புது மாடலாகக் கொண்டுவந்தால் மேலிடத்தின் அனுமதி வேண்டும். அதனால் டெம்பெஸ்டுக்கு ஒரு கூடுதல் ஆப்ஷனாக ஜிடிஓ என்ற பெயரில் விற்றார்கள். தொடக்க நிலை 325 குதிரைத்திறன். வாங்க இளைஞர்கள் முண்டியடித்தார்கள்.

மசில் காரின் சூத்திரம் அவ்வளவுதான்: நடுத்தர உடம்பு, இரண்டு கதவு, பெரிய வி8, கைக்கெட்டும் விலை. 1968இல் வந்த பிளிமத் ரோட் ரன்னரின் தொடக்க விலை 3,000 டாலருக்கும் கீழே. மஸ்டாங், கமாரோ போன்ற சற்றுச் சிறிய கார்களை அமெரிக்கர்கள் போனி கார் என்று தனியாகப் பிரிப்பார்கள். ஆனால் பெரிய இன்ஜின் ஏறிய கமாரோவை மசில் கார் என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

இந்தக் கார்களின் ஒரே இலக்கு கால் மைல் ஓட்டம், அதாவது சுமார் 402 மீட்டர் நேர்க்கோடு. சிக்னலில் பச்சை விழுந்ததும் யார் முதலில் போகிறார்கள் என்பதுதான் பேச்சு. வளைவில் எப்படித் திரும்புகிறது, நூறாவது தடவை பிரேக் மிதித்தால் எப்படி நிற்கிறது என்று கேட்டு வாங்கியவர்கள் குறைவு. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொண்டால் ரெஸ்டோமாட்டில் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் காரணம் விளங்கிவிடும்.

அந்தக் காலம் பத்து ஆண்டுகூட நீடிக்கவில்லை. காப்பீட்டுக் கட்டணம் எகிறியது. 1970இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. ஈயம் இல்லாத பெட்ரோலுக்காக இன்ஜின்களின் கம்ப்ரெஷனை, அதாவது சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் அளவைக் குறைத்தார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி. 1972லிருந்து குதிரைத்திறனை அளக்கும் முறையும் மாறியது. அதற்கு முன் ஏர் ஃபில்டர், சைலன்சர், ஆல்டர்னேட்டர் எதுவும் இல்லாமல் இன்ஜினை மேடையில் வைத்து அளந்தார்கள். அது கிராஸ் கணக்கு. பிறகு எல்லாவற்றையும் பூட்டி, காரில் இருப்பதுபோலவே வைத்து அளந்தார்கள். அது நெட் கணக்கு. 1971 கார்வெட்டில் வந்த எல்டி-1 இன்ஜின் கிராஸ் கணக்கில் 330, நெட் கணக்கில் 275. ஒரே இன்ஜின், ஒரே ஆண்டு. ஆகவே பழைய விளம்பரத்தில் இருக்கும் எண்ணையும் இன்றைய காரின் எண்ணையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிடாதீர்கள். இன்று 430 குதிரைத்திறன் என்று சொல்லும் ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ்3 இன்ஜின், அந்தக் காலத்தில் 430 என்று எழுதியதைவிட வேறு தரத்தில் இருக்கும்.

இன்ஜினை மாற்றினால் போதுமா?

புதிதாக இதற்குள் வருகிற எல்லோரும் முதலில் இன்ஜினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நானும் அந்தப் பெரியவரிடம் அதைத்தான் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் காரின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் டயரைக் காட்டினார். “இன்ஜினில் எவ்வளவு இருந்தாலும் கடைசியில் தரையைத் தொடுவது இதுதான்” என்றார். இன்ஜினுக்கும் டயருக்கும் நடுவில் பத்துப் பொருள் இருக்கிறது. ஒன்றை மாற்றினால் அடுத்தது தாங்காது. அதை மாற்றினால் அதற்கடுத்தது இடிக்கும். ரெஸ்டோமாட் என்பது இந்தச் சங்கிலி முழுவதையும் யோசித்துக் கட்டுவது. 1969 கமாரோவையே எடுத்துக்கொண்டு கண்ணி கண்ணியாகப் பார்ப்போம்.

முதலில் இன்ஜின். கமாரோவுக்கு அதிகம் பேர் தேர்ந்தெடுப்பது ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் குடும்பம். 1997 கார்வெட்டில் எல்எஸ்1 என்ற பெயரில் வந்தது முதல் இன்ஜின், 5.7 லிட்டர், அலுமினிய பிளாக், 345 குதிரைத்திறன். 2008 கார்வெட்டில் வந்த 6.2 லிட்டர் எல்எஸ்3 இன்றும் பலரின் முதல் விருப்பம். பெட்டியில் அடைத்துப் புத்தம் புதிதாக விற்பார்கள். அதைக் கிரேட் இன்ஜின் என்பார்கள். கிரேட் என்றால் மரப்பெட்டி. காசு குறைவாக இருப்பவர்கள் அடிபட்ட பிக்கப் டிரக்கிலிருந்து 5.3 லிட்டர் இன்ஜினைக் கழற்றி வாங்குவார்கள். அதுவும் இதே குடும்பம்தான். பெரும்பாலும் இரும்பு பிளாக், எடை கூடுதல், உழைப்பில் குறை சொல்ல முடியாது.

ஏன் எல்எஸ்? சக்தி மட்டும் காரணமில்லை. அது பார்க்கச் சிறியது. இன்றைய இன்ஜின்கள் பலவற்றில் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் சிலிண்டர் ஹெட்டின் தலையில், பக்கத்துக்கு இரண்டாக இருக்கும். வி8இல் அப்படி நான்கு கேம்ஷாஃப்ட் வந்தால் தலைப்பகுதி அகன்றுவிடும். எல்எஸ்ஸில் ஒரே கேம்ஷாஃப்ட், அதுவும் பிளாக்கின் நடுவில் பழைய முறைப்படி. அங்கிருந்து நீளமான புஷ்ராட்கள் மேலே போய் வால்வைத் திறக்கின்றன. ஷெவர்லே 1955இல் கொண்டுவந்த முதல் சிறிய வி8இல் ஒரு சிலிண்டரின் நடுவுக்கும் அடுத்த சிலிண்டரின் நடுவுக்கும் இடையே 4.4 அங்குலம். எல்எஸ்ஸிலும் அதே 4.4 அங்குலம்தான். நாற்பது ஆண்டு கழித்து வந்த பேரன் தாத்தாவின் சட்டைக்குள் பொருந்துகிறான்.

ஃபோர்டு காரர்களுக்கு இந்த வசதி இல்லை. 2011 மஸ்டாங்கோடு வந்த 5.0 லிட்டர் கொயோட் இன்ஜின் அருமையானது. ஆனால் நான்கு கேம்ஷாஃப்ட் கொண்ட அகலமான இன்ஜின். அறுபதுகளின் மஸ்டாங்கில் இன்ஜினுக்கு இரு பக்கமும் ஷாக் டவர் என்ற இரும்புக் கோபுரங்கள் நிற்கும். கொயோட்டை இறக்குகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கோபுரங்களை வெட்டியெடுத்து முன் சஸ்பென்ஷனையே புதிதாக அமைக்கிறார்கள். கிரைஸ்லர் பக்கம் போனால் 707 குதிரைத்திறன் ஹெல்கேட் இன்ஜினையே கிரேட்டில் வாங்கலாம். அந்த அளவு சக்தி முதல் காருக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

சரி, எல்எஸ் கமாரோவுக்குள் இறங்கிவிட்டது. அடுத்த கண்ணி பெட்ரோல். கார்புரேட்டர் என்பது காற்று உறிஞ்சப்படும்போது பெட்ரோலைக் கூடவே இழுத்துக்கொள்ளும் கருவி. அதற்குக் கொஞ்சம் பெட்ரோல் வந்து சேர்ந்தால் போதும். 5 முதல் 7 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம். எல்எஸ்ஸில் இருப்பது ஃபியூவல் இன்ஜெக்ஷன். எவ்வளவு காற்று உள்ளே போகிறது, புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம், இன்ஜின் எவ்வளவு சூடு என்று சென்சார்கள் சொல்ல, கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு இன்ஜெக்டரைத் திறக்கிறது. அதனால்தான் குளிர்காலக் காலையிலும் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் இன்ஜெக்டருக்கு வேண்டியது சுமார் 58 பிஎஸ்ஐ. பழைய பம்பு எட்டாது. பழைய டேங்கும் சரிவராது. உள்ளே தடுப்பு இல்லாததால் வேகமாகத் திரும்பும்போது பெட்ரோல் ஒரு பக்கம் ஓடிவிடும், பம்பு காற்றைக் குடிக்கும், இன்ஜின் இருமும். எனவே தடுப்பும் பம்பும் உள்ளேயே இருக்கும் புது டேங்க். கூடவே எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலைத் தாங்கும் புதுக் குழாய்கள். இன்ஜினை மட்டும் மாற்றலாம் என்று ஆரம்பித்தவர் இப்போது டிக்கிக்கு அடியில் படுத்திருக்கிறார்.

ரேடியேட்டர், மின்விசிறி, ஆயில் பான் பற்றியெல்லாம் சுருக்கமாகச் சொன்னால் போதும். டிரக் இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் ஆயில் பான் ஆழமானது, கமாரோவின் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும். ஆழம் குறைந்த பான் வேண்டும். வயரிங் முழுவதையும் புதிதாக இழுப்பதுதான் நல்லது. ஐம்பது ஆண்டு பழைய வயரின் மேலுறை விரல் பட்டாலே உதிரும். அதை நம்பிக் கம்ப்யூட்டரைப் பூட்டக் கூடாது.

கியரும் அச்சும்

கியர்பாக்ஸ் விஷயத்தில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழைய நான்கு கியர் பெட்டியில் நான்காவது கியர் என்றால் ஒன்றுக்கு ஒன்று. இன்ஜின் ஒரு சுற்றுச் சுற்றினால் பின்னால் போகும் தண்டும் ஒரு சுற்று. பின் அச்சில் 3.73 விகிதப் பல்சக்கரம், 26 அங்குல உயர டயர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 70 மைல், அதாவது சுமார் 113 கிலோமீட்டர் வேகத்தில் போக இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3,370 சுற்று சுற்ற வேண்டும். ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் அப்படிப் போனால் காது அடைத்துவிடும், பெட்ரோல் கரையும். ஆறு கியருள்ள டிரெமெக் டி-56 போன்ற பெட்டியில் ஆறாவது கியர் 0.50 என்றால் அதே வேகத்துக்கு 1,690 சுற்றுகூட வேண்டாம். பேசிக்கொண்டே போகலாம். எனக்கு இந்த ஒரு மாற்றம்தான் ரெஸ்டோமாட்டின் பெரிய வரம். பழைய கார் கண்காட்சிக்கு மட்டும் போய்வரும் பொருளாக இல்லாமல், அடுத்த மாநிலத்துக்கு ஓட்டிக்கொண்டு போகும் கார் ஆவது இதனால்தான்.

ஆனால் அந்த ஆறு கியர் பெட்டி பருமனானது. கமாரோவின் தரை நடுவில் ஓடும் சுரங்க மேட்டை வெட்டி உயர்த்த வேண்டிவரும். வெட்ட மனமில்லாதவர்கள் அதைவிட ஒல்லியான ஐந்து கியர் பெட்டியைப் போடுகிறார்கள்.

பின் அச்சில் சாதாரணக் கமாரோவுக்கு வந்தது மூடியில் 10 போல்ட் உள்ளது. வலுவானவற்றுக்கு 12 போல்ட். பெரிய இன்ஜினோடு அகல டயரும் சேர்ந்தால் 10 போல்ட் அச்சு அதிக நாள் தாங்காது. ஷெவர்லே பிரியர்கள்கூட அந்த இடத்தில் ஃபோர்டின் 9 அங்குல அச்சைப் பூட்டுவார்கள். 1957இல் வந்தது அது. உறுதிக்கும், பல்சக்கரத் தொகுதியை முன்பக்கமாக அப்படியே கழற்றி மாட்டும் வசதிக்கும் பேர்போனது.

நிற்பதும் திரும்புவதும்

இங்கேதான் நான் அதிக நேரம் செலவிட விரும்புகிறேன். நல்ல ரெஸ்டோமாட்டையும் வெறும் பளபளப்பையும் பிரித்துக் காட்டுவது இந்தப் பகுதி.

1969 கமாரோவின் அடிப்படை மாடலில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். டிரம்முக்குள் இருக்கும் ஷூ வெளிப்பக்கமாக விரிந்து உரசி நிறுத்தும். ஒருமுறை நன்றாக நிறுத்தும். தொடர்ந்து மிதித்தால் சூட்டில் டிரம் விரிந்து ஷூவைவிட்டு விலகும். சூடு வெளியேறவும் வழியில்லை. மிதி தரைவரை போகும், கார் போய்க்கொண்டே இருக்கும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். இன்ஜினின் சக்தியைக் கூட்டிவிட்டுப் பிரேக்கை அப்படியே விடுவது உயிரோடு விளையாடுவது.

ஆகவே 13, 14 அங்குல டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்க நான்கு அல்லது ஆறு பிஸ்டன் காலிப்பர். உடனே அடுத்த கண்ணி இழுக்கிறது: பழைய 14 அங்குல ரிம்முக்குள் 14 அங்குல டிஸ்க் எப்படிப் போகும்? 18 அங்குல ரிம் வேண்டும். சக்கரங்கள் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கின்றன என்று கேட்பவர்களுக்குப் பதில் இது. அழகுக்கு மட்டும் அல்ல. இன்னொரு கண்ணியும் உண்டு. பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் பூஸ்டர், இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தில் இயங்குவது. உறுமலுக்காகவும் சக்திக்காகவும் பெரிய கேம்ஷாஃப்ட் போட்டால் வெற்றிடம் குறையும், பிரேக் கல்லாகிவிடும். அப்போது ஸ்டீயரிங் பம்பின் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் வேறு பூஸ்டர் போட வேண்டும். உறுமலுக்கும் பிரேக்குக்கும் உறவு இருக்கிறது என்று யார் நினைத்தார்கள்!

டயர். அன்றைய டயர்கள் பெரும்பாலும் பயஸ்-பிளை. உள்ளே நூல் அடுக்குகள் குறுக்கும் மறுக்கும் ஓடும். பக்கச் சுவர் வளைந்தால் தரையில் பதியும் பகுதியும் சேர்ந்து நெளியும். நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங்கை அங்கும் இங்கும் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டும். இன்றைய ரேடியல் டயரில் நூல் நேர்க்குறுக்காக ஓடுகிறது, அதன்மேல் இரும்புப் பட்டை. பக்கச் சுவர் வளைந்தாலும் தரையில் பதிவது தட்டையாகவே இருக்கும். பின்னால் 335 மில்லிமீட்டர் அகல டயர் போட விரும்புகிறவர்கள், சக்கரக் குழியின் உட்சுவரை வெட்டி உள்நோக்கி நகர்த்துகிறார்கள். இதற்கு மினி டப் என்று பெயர். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது; மட்கார்டு வளைவு 1969இல் இருந்தபடியே இருக்கும். எனக்குப் பிடித்த வேலை இது.

இப்போது முன் சஸ்பென்ஷன். ஒரு வளைவில் காரைத் திருப்பும்போது உடம்பு வெளிப்பக்கம் சாயும். வெளிப்பக்கச் சக்கரம் மேலே அமுங்கும். அந்த நேரத்தில் சக்கரத்தின் தலைப்பகுதி சற்று உள்ளே சாய்ந்தால்தான் டயர் முழு அகலத்துக்கும் தரையில் பதியும். முதல் தலைமுறைக் கமாரோவில் (1967–69) சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் மேல் கையின் அமைப்பால் நடப்பது இதற்கு நேர்மாறு: அமுங்கும்போது தலை வெளியே சாய்கிறது. டயர் ஓரத்தில் மட்டும் நிற்கிறது, பிடிமானம் போகிறது. பந்தய ஓட்டுநர் டிக் குல்ட்ஸ்ட்ராண்ட் இதற்கு ஒரு வழி சொன்னார்: மேல் கையைப் பூட்டும் துளைகளைக் கீழே இறக்கித் துளைத்துவிடுங்கள். சில துளைகள்தான், ஆனால் கார் வேறு காராகிவிடும். இன்றும் அதை அவர் பெயராலேயே சொல்கிறார்கள். வசதி உள்ளவர்கள் இன்ஜினையும் முன் சக்கரங்களையும் தாங்கும் சட்டமான முன் சப்ஃபிரேமையே மாற்றிவிடுகிறார்கள். கமாரோவில் இது எளிது. உடம்பின் முன்பகுதியில் அந்தச் சட்டம் போல்ட்டுகளால்தான் பிடித்திருக்கிறது. டெட்ராய்ட் ஸ்பீட், ரோட்ஸ்டர் ஷாப், ஆர்ட் மாரிசன் போன்ற நிறுவனங்கள் புதிய வடிவக் கணக்கோடு சப்ஃபிரேமோ முழுச் சட்டமோ செய்து தருகின்றன. ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங்கும் அதோடு சேர்ந்து வந்துவிடும்.

பின்னால் லாரியில் இருப்பதுபோல லீஃப் ஸ்பிரிங். 1967இல் வந்த முதல் கமாரோவில் பக்கத்துக்கு ஒரே ஒரு தகடு. வேகமாகக் கிளப்பினால் அச்சு துள்ளிக் குதிக்கும். 1968இல் வலுவான மாடல்களுக்குப் பல தகடு போட்டு, ஒரு ஷாக் அப்சார்பரை அச்சுக்கு முன்னும் இன்னொன்றைப் பின்னும் வைத்தார்கள். துள்ளல் குறைந்தது. ரெஸ்டோமாட்டில் இதையும் எடுத்துவிட்டு, அச்சை நான்கு கம்பிகளால் பிடித்துக் காயில் ஸ்பிரிங்கில் நிறுத்துகிறார்கள்.

பழைய காரை நேர்க்கோட்டில் மட்டும் ஓடவிடாமல் நன்றாகத் திரும்பவும் வைக்கலாம் என்று காட்டியவர்களில் மார்க் ஸ்டீலோ முக்கியமானவர். ஜெனரல் மோட்டார்ஸில் பொறியாளர். தொண்ணூறுகளில் 1969 கமாரோவைக் கட்டி, பல ஊர்களின் பந்தயத் தடங்களுக்கு அதே காரில் ஓட்டிப்போய்ப் போட்டியிடும் ‘ஒன் லேப் ஆஃப் அமெரிக்கா’வில் கலந்துகொண்டார். இந்தப் பாணிக்கு புரோ-டூரிங் என்று பெயர் வந்தது. இன்று லாஸ் வேகஸில் நடக்கும் சீமா என்ற கார் பாகக் கண்காட்சியில் பார்க்கும் கமாரோக்களில் பாதிக்கு மேல் அவர் வழியில் வந்தவை என்று சொல்வேன்.

எதிலிருந்து தொடங்குவது?

உடம்பிலிருந்து. மிச்சிகனில் குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள். அது காரை அரித்துத் தின்றுவிடும். அரிசோனா, கலிஃபோர்னியா கார்களுக்கு அதனால்தான் மதிப்பு. கமாரோவில் பின் மட்கார்டின் கீழ் ஓரம், டிக்கியின் தரை, பின் கண்ணாடியின் அடி, முன் கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் கவல் பகுதி ஆகிய நான்கையும் கட்டாயம் பாருங்கள். ஒரு பாட்டில் தண்ணீரை முன் கண்ணாடி அடியில் இருக்கும் துவாரங்களில் மெல்ல ஊற்றி, உள்ளே கால் வைக்கும் இடத்தில் ஈரம் வருகிறதா என்று தடவுங்கள். வந்தால் கவல் அரித்துவிட்டது. அதைச் சரிசெய்வது பெரிய டிங்கர் வேலை. ஃபிரிட்ஜில் ஒட்டும் ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி மட்கார்டின் மேல் நகர்த்திக்கொண்டே வாருங்கள். ஒட்டாமல் நழுவுகிற இடத்தில் பெயின்டுக்கு அடியில் இருப்பது தகடு அல்ல, பட்டி.

வேலை வரிசையில் என் யோசனை: முதலில் துரு, பிறகு பிரேக், டயர், சஸ்பென்ஷன், அதன்பின் வயரிங். இன்ஜின் கடைசி. பழைய இன்ஜின் ஓடுகிற நிலையில் இருந்தால் அதோடு ஒரு கோடைகாலம் ஓட்டுங்கள். நன்றாக நிற்கிற, நன்றாகத் திரும்புகிற காரில் 250 குதிரைத்திறனே எவ்வளவு மகிழ்ச்சி தரும் என்பது அப்போது தெரியும். இன்ஜினில் தொடங்கியவர்கள் பலரின் கார் பாதியில் நின்று, பெட்டி பெட்டியாகப் பாகங்களோடு விற்பனைக்கு வருவதைப் பார்க்கிறேன். மனது கஷ்டப்படும்.

செலவைப் பற்றி மறைக்க வேண்டாம். பெயர்பெற்ற பட்டறையில் முழுக் காரும் கட்டினால் ஒரு லட்சம் டாலர் சுலபமாகத் தாண்டும்; உச்சிக்கு எல்லை கிடையாது. அதில் பெரும்பங்கு பாகத்துக்கு அல்ல, கைவேலைக்கு. கதவு இடைவெளியை மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாகக் கொண்டுவரவே வாரக்கணக்கில் ஆகும். தொழிற்சாலையில் அவ்வளவு நுணுக்கமாக ஒருபோதும் செய்ததில்லை. வீட்டுக் கராஜில் சொந்தக் கையால் செய்கிறவர்கள் இதில் பெரிய பகுதியை மிச்சப்படுத்தலாம், வருடங்கள் பிடிக்கும்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எவ்வளவு பணம் போட்டாலும் இது மோதலில் இன்றைய காரைப் போலக் காப்பாற்றாது. ஏர்பேக் இல்லை. மோதலின் வேகத்தை வாங்கிக்கொண்டு மடங்கும்படி முன்பகுதியைக் கணக்கிட்டுச் செய்யவில்லை. மூன்று முனை சீட் பெல்ட், நல்ல இருக்கை, தலை சாயும் தாங்கி ஆகிய மூன்றையும் முதல் பட்டியலிலேயே சேர்த்துவிடுங்கள். மோதாமல் தப்பிப்பதற்குத்தான் நல்ல பிரேக்கும் நல்ல டயரும்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கடுமையானது என்று பெயரெடுத்த கலிஃபோர்னியாவிலேயே 1975 வரையிலான மாடல் பெட்ரோல் கார்களுக்குப் புகைப் பரிசோதனையிலிருந்து விலக்கு உண்டு.

எந்தக் காரை வெட்டக் கூடாது?

1969இல் அலுமினிய 427 கன அங்குல இன்ஜினோடு வந்த கமாரோ இஸட்எல்1 மொத்தம் 69தான். அப்படி ஒன்று கையில் கிடைத்தால் அதில் ஒரு துளைகூடப் போடக் கூடாது. அது அந்தக் காலத்தின் சாட்சி. தொழிற்சாலையில் பூட்டிய அதே இன்ஜின் இன்றும் இருக்கும் காரை ‘நம்பர்ஸ் மேட்சிங்’ என்பார்கள். இன்ஜின் பிளாக்கில் அடித்திருக்கும் எண் காரின் அடையாள எண்ணோடு ஒத்துப்போகும். அதற்கு விலையும் மரியாதையும் வேறு. ரெஸ்டோமாட்டுக்கு ஏற்றது இன்ஜினை எப்போதோ இழந்த கார், அல்லது சாதாரண இன்ஜினோடு வந்த கார். 1969 மாடல் கமாரோ மட்டும் இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல் வெளிவந்தது; அதில் பெரும்பாலானவை யாரும் அருங்காட்சியகத்தில் வைக்காத சாதாரணக் கார்கள். உடம்பே கிடைக்காதவர்களுக்கு டைனாகார்ன் என்ற நிறுவனம் முதல் தலைமுறைக் கமாரோவின் உடம்பைப் புதுத் தகட்டில் அடித்து விற்கிறது.

உட்வர்டில் பார்த்த அந்தப் பெரியவரோடு பிறகு பழக்கமாகிவிட்டது. ஒருநாள் அவர் கராஜுக்குப் போயிருந்தேன். மூலையில் ஒரு ஸ்டாண்டில் தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு இன்ஜின் நின்றது. காரோடு வந்த அசல் 327 கன அங்குல வி8. உறையை விலக்கி, வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் பிளாக்கில் இருக்கும் சின்ன மேடையைத் துணியால் துடைத்தார். எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியிலிருந்து எண்கள் தெரிந்தன. புது இன்ஜினுக்காகச் சட்டத்தில் அவர் எங்கும் வெல்டிங் வைக்கவில்லை. எல்லாவற்றையும் பழைய துளைகளில் அடாப்டர் தகடு வைத்தே பூட்டியிருக்கிறார். பழைய ஸ்பிரிங், டிரம், ஸ்டீயரிங் பெட்டி எல்லாம் அலமாரியில், ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு. “பேத்திக்கு எது வேண்டுமோ, அவள் முடிவு செய்யட்டும்” என்று சொல்லிவிட்டு உறையை இழுத்து மூடினார்.